நாகசுர மரபு தழைக்க ஊரார் செய்யக்கூடியவை

திருமணத்துக்கு நாகசுரக் கலைஞரை அமர்த்தும்போது, முகூர்த்த நேரத்துக்கு மட்டுமன்றி முந்தைய மாலையில் ஒரு மணி நேரக் கச்சேரிக்கும் சேர்த்துப் பேசி, தவில், தாளம் உட்பட ஒவ்வொருவருக்குமான சம்பளத்தையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். மேளக்காரருக்குக் கடைசிப் பந்தி என்ற வழக்கத்தையும் அப்போதே கைவிடலாம். கருவி வாங்குவோர், 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரத்தை, பழைய ஆச்சா மரத்தில் கடைந்ததாகக் கேட்டு வாங்கினால், அத்தொழில் அறிந்த குடும்பங்களுக்கு வேலை நிலைக்கும். நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதியான, நாணலில் செய்யப்படும் சீவாளி விரைவில் தேய்ந்துவிடுவதால், மாணவருக்கு உதவ விரும்புவோர் ஆண்டுக்கொரு முறை பொன்னாடை போர்த்துவதைவிடச் சீவாளிச் செலவை ஏற்றுக்கொள்வது மேலானது. கோயில் நிர்வாகத்தினர், மின்சார மேள இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காலபூசைக்கு இளங்கலைஞர் ஒருவரை மாதச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும்.