குற்றவியல் படிக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே, ஜூன் வந்தால் யாராவது ஒரு தகப்பனார் மஞ்சள் பையோடு என்னைத் தேடி வந்துவிடுவார். பையில் பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் இருக்கும். "அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டில குற்றவியல் இருக்காமே, சேக்கலாமா?" என்று கேட்பார். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் அந்தப் பாடத்தைப் படித்து, இப்போது குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருப்பவன். களப்பணிக்கு மாணவர்களும் எங்களிடம் வருகிறார்கள். நான் பட்ட இடத்திலேயே அவர்களும் படுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வகுப்புக்கு ஒழுங்காகப் போ, நோட்ஸ் எடு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

ஆய்வகக் கனவோடு குற்றவியலில் சேருவது

போன வருடம் சுரண்டைப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை பி.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தாள். "எம்.ஏ. குற்றவியல் முடிச்சிட்டா லேப்ல வேலை கிடைச்சிரும்லா? டி.என்.ஏ. எல்லாம் பாப்பாங்கள்லா, அந்த வேலை" என்றார். ஒரு பயிற்சி மையத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். கூடவே ஆறு மாத ஆன்லைன் தடயவியல் சான்றிதழ் படித்தால் போதும் என்று முன்பணமும் வாங்கிவிட்டார்கள். கம்மலை அடகு வைத்துக் கட்டிய பணம். நாலாக மடித்த ரசீதை அவர் மேசையில் வைத்து விரித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

குற்றவியல் வேறு, தடய அறிவியல் வேறு. ரத்தக்கறை, விஷம், துப்பாக்கிக் குண்டு, கையெழுத்து இவற்றை ஆய்வகத்தில் சோதிப்பது தடய அறிவியல். அதற்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் என்று ஓர் அறிவியல் பட்டம் அடியில் இருக்க வேண்டும். குற்றவியல் மனிதர்களைப் படிப்பது. ஒருவர் ஏன் குற்றத்துக்குப் போகிறார், காவல் நிலையமும் நீதிமன்றமும் சிறையும் அவரை என்ன செய்கின்றன, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். சமூகவியல், உளவியல், சட்டம், புள்ளியியல் எல்லாம் கலந்த பாடம் அது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்விலேயே குற்றவியலின் பாட எண் 68, தடய அறிவியலின் எண் 82. குற்றவியல் பாடத்திட்டத்திலும் தடய அறிவியல் ஒரு தாளாக வரலாம். அந்த ஒரு தாளைக் காட்டித்தான் பிள்ளைகளை இழுக்கிறார்கள்.

நானும் அப்படிப் போனவன்தான். பி.ஏ. வரலாறு முடித்து, வெள்ளைக் கோட்டு ஆசையில் எம்.ஏ. குற்றவியலில் சேர்ந்தேன். முடித்த பிறகு ஓர் ஆய்வகப் பணிக்கு விண்ணப்பித்து, நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே சென்னைக்குப் போனேன். சான்றிதழ் சரிபார்த்தவர் எம்.ஏ. சான்றிதழைப் புரட்டக்கூட இல்லை. அறிவிப்பில் 'அறிவியல் பட்டம்' என்றிருந்த வரியில் விரலை வைத்து, "தம்பி, இதைப் படிக்கலையா?" என்று கேட்டார். படிக்கவில்லை. இரண்டு வருடமும் அப்பா வாங்கிய கடனும் அந்த ஒரு வரியில் நின்றுபோயின.

இப்போது இந்தக் குழப்பம் கூடியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. ஆட்கள் தேவைப்படுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் தேவைப்படுவது அறிவியல் படித்த ஆட்கள். பிளஸ் டூவில் அறிவியல் எடுத்து, அந்த ஆசை நிஜமாகவே இருந்தால் பி.எஸ்சி.க்குப் போங்கள். அப்புறம் எம்.எஸ்சி. தடய அறிவியல் படிக்கலாம். குஜராத்தில் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகமே இருக்கிறது.

எந்த வேலை வேண்டுமோ, அதற்குக் கடைசியாக வந்த அறிவிப்பை எடுத்து 'கல்வித் தகுதி' என்ற பத்தியை முதலில் படியுங்கள். பிறகு கட்டணம் கட்டுங்கள். பட்டத்தின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அறிவிப்பில் ஒரு பெயரும் உங்கள் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருந்தால், இரண்டும் சமம் என்ற அரசாணையைக் காட்டச் சொல்வார்கள்.

சரி, குற்றவியலுக்கு என்னதான் வழி? நன்னடத்தை அலுவலர் (நீதிமன்றம் கண்காணிப்பில் விடுபவர்களைப் பார்த்துக்கொள்பவர்), சிறைகளில் நல அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்), தொண்டு நிறுவனங்கள், வங்கியிலும் காப்பீட்டிலும் மோசடி விசாரணை, நெட் முடித்தால் கல்லூரி ஆசிரியர் வேலை. எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். ஆனால் இந்தப் படிப்பு அந்த வேலையில் கை கொடுக்கும். வழக்கில் சிக்கிய ஒரு பையனின் குடும்பம், படிப்பு, சூழல் பற்றிச் சமூகப் புலனாய்வு அறிக்கை எழுத அவன் வீட்டுக்குப் போகிறோம். ஆணியில் தொங்கும் பள்ளிக்கூடப் பையில் தூசி படிந்திருக்கிறது. எப்போது பள்ளியை விட்டான், ஏன் விட்டான் என்று அங்கிருந்துதான் கேட்கத் தொடங்க வேண்டும். அதை எழுதத் தெரிந்தவரைத்தான் இந்தப் பாடம் உருவாக்குகிறது. ஆய்வகத்தை விட எந்த விதத்திலும் குறைந்த வேலை இல்லை இது.

முதல் நாளே "என்ன செஞ்ச?" என்று கேட்பது

வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லம் ஒன்றில் எங்களோடு வந்த மாணவர் ஒருவர், கேரம் ஆடிக்கொண்டிருந்த பையனிடம் போய் "என்னல செஞ்ச?" என்று கேட்டுவிட்டார். ஸ்ட்ரைக்கரை விரலுக்கடியில் வைத்தபடியே பையன் நிறுத்தினான். அப்புறம் மூன்று வாரம் எங்களில் யாரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. ஊர், சாப்பாடு, விளையாட்டு என்று பேசுங்கள். வழக்கை அவனே சொல்லும் நாள் வரும்.

அங்கே எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்தவர்களும் உண்டு. சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

வழக்கு எண்ணிக்கையைக் குற்ற எண்ணிக்கை என்று நம்புவது

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணையை எடுத்து, இந்த மாவட்டம் மோசம், அந்த மாவட்டம் நல்லது என்று ஆய்வேடு எழுதுகிறார்கள். அந்த எண் பதிவான வழக்குகளுடையது. புகார் கொடுத்தவருக்கு, புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து, ஸ்டேஷனிலேயே சமாதானம் பேசி அனுப்பிவிட்டால் அது அந்தக் கணக்கில் ஏறாது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் பெரியதை மட்டுமே எண்ணுவார்கள். தயங்காமல் வழக்குப் பதியும் மாவட்டம் தாளில் மோசமாகத் தெரியும்.

நெல்லை மண்ணே அருவா மண் என்று முன்னுரையில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. மண் குற்றம் செய்யாது. பிறந்த சாதியை வைத்தே மனிதர்களைக் குற்றவாளி என்று பட்டியலிட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வந்தது. தென் மாவட்டங்களும் அதை அனுபவித்திருக்கின்றன. குற்றவியல் படித்த பிள்ளை அந்தப் பேச்சையே திரும்ப எழுதலாமா?

வயது வரம்பை மறப்பது

எஸ்.ஐ., உதவி ஜெயிலர் ஆசை இருந்தால், வயது வரம்பு தாண்டுவதற்குள் உடல்தகுதித் தேர்வுக்குத் தயாராக, முதல் பருவத்திலேயே ஓடத் தொடங்குங்கள்.

சிறை அனுமதியைக் கடைசியில் கேட்பது

பாளையங்கோட்டை மத்தியச் சிறை பக்கத்தில்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். கைதிகளிடம் பேச மேலிடத்து அனுமதி வர வேண்டும். நான்காம் பருவத்தில் மனுக் கொடுத்தால், பதில் வருவதற்குள் வாய்மொழித் தேர்வே முடிந்திருக்கும். இரண்டாம் பருவ விடுமுறையிலேயே கொடுத்துவிடுங்கள்.