இங்கிலீஷ் நாவல்ல கேரக்டரயும் சிம்பலயும் எப்படிப் பிடிக்கிறது: பர்மீஸ் டேஸ வச்சுப் பாக்கலாம்

ரங்கூன்லயும் மோல்மீன்லயும் இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்கிற நம்ம புள்ளைங்க கேரக்டர், சிம்பாலிசம் (ஒரு பொருள வச்சு வேற ஒரு அர்த்தத்தக் காட்டுறது)னு கேள்வி வந்தா உடனே கைடத் தேடுறாங்க. அது வேணாம். நம்ம மண்ணுலயே நடக்குற ஒரு நாவல் இருக்கு, ஜார்ஜ் ஆர்வெல் எழுதுன பர்மீஸ் டேஸ், 1934ல வந்தது. ஆர்வெல் 1922லேருந்து 1927 வரைக்கும் இங்க போலீஸ்ல இருந்தாரு, கடைசியா இருந்த காத்தாவ வச்சுத்தான் கதையில வர்ற ஊர எழுதிருக்காரு.

மொத தடவ கதைக்காக மட்டும் படிங்க, பென்சிலத் தொடாதீங்க. ரெண்டாவது தடவ படிக்கிறப்ப எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருதுன்னு பாத்து கோடு போடுங்க. இந்தக் கதையில அது கதாநாயகன் ஃப்ளோரிங்கிற வெள்ளக்காரனோட முகத்துல இருக்கிற மச்சம். மரக்கம்பெனிக்காரன், பொறக்கும்போதே இடது கன்னத்துல கண்ணுலேருந்து வாயோரம் வரைக்கும் கருநீலமா பிறை மாதிரி ஒண்ணு, யாரப் பாத்தாலும் அந்தக் கன்னம் தெரியாதபடி முகத்தத் திருப்பிக்குவான். அது வர்ற ஒவ்வொரு எடத்துலயும் இப்ப யாரு அதப் பாக்குறா, அந்த நேரத்துல என்ன நடக்குது, போன தடவைக்கும் இப்பக்கும் என்ன மாறியிருக்குன்னு கேட்டு ஓரத்துல எழுதிக்குங்க.

சர்ச் சீன எடுங்க. அவன் வச்சிருந்து வெரட்டிவிட்ட மா ஹ்லா மே எல்லார் முன்னாடியும் கத்துறா, ஃப்ளோரி முகம் வெளிறிப்போக மச்சம் மட்டும் பளிச்சுன்னு தெரியுது, அவன் கல்யாணம் பண்ண நெனச்ச எலிசபெத்துக்கு அவன் செஞ்சதவிட அந்த மச்சந்தான் பொறுக்க முடியல. அப்புறம் அவன் தன்னையே சுட்டுக்கிட்டு செத்ததும் அது மங்கி லேசான சாம்பல் கறை மாதிரி ஆயிடுது. மச்சம்னா அவமானம்னு ஒரே வரியில எழுதிட்டு நகந்துட்டீங்கன்னா இந்தக் கடைசி மாற்றத்த விளக்கவே முடியாது. எனக்குப் படுறது, உயிரோட இருக்கிறவரைக்கும் மறைக்க வேண்டியிருந்துச்சு, மறைக்க ஆளே இல்லன்னதும் அதுக்கு வலு போயிடுச்சு. நீங்க வேற மாதிரி சொல்லலாம், ஆனா ரெண்டு சீனுக்கும் ஒத்துவரணும்.

கேரக்டருக்கு வாங்க. பேசுறதயும் செய்யுறதயும் பக்கத்துப் பக்கத்துல வைங்க. டாக்டர் வீராசாமி வீட்டு வராண்டாவுல உக்காந்து வெள்ளக்கார ஆட்சியத் திட்டித் தீக்குறவன் ஃப்ளோரி, ஆட்சிக்கு வக்காலத்து வாங்குறவரு டாக்டர். அதே ஃப்ளோரி வெள்ளக்காரங்க கிளப்புல உள்ளூர்க்காரங்கள மெம்பராச் சேக்கக் கூடாதுங்குற காகிதத்துல கையெழுத்துப் போடுறான், பின்னாடி மீட்டிங்ல டாக்டர் பேர அவனே முன்மொழியவும் செய்யுறான். கோழைன்னு மட்டும் எழுதுனா இந்த மூணாவது வெளிய போயிடும், நல்லவன்னு எழுதுனா ரெண்டாவது வெளிய போயிடும். மூணயும் சேத்துத் தாங்குற வாக்கியத்தத் தேடுங்க, அதுக்கு நேரமாகும், பரவால்ல.

வீராசாமிங்கிற பேரப் பாத்தாலே நம்ம பக்கத்து மனுஷன்னு மனசு ஒட்டிக்கும். ஒட்டட்டும், ஆனா அவர் உடம்பயும் அவர் பேசுற இங்கிலீஷயும் ஆசிரியர் எப்படிக் காட்டுறாருன்னும் பாருங்க. அன்பானவரு, படிச்சவரு, ஆனா வர்ணனையில கொஞ்சம் வேடிக்கையாக்கித்தான் வச்சிருக்காரு. அத எழுதத் தயங்காதீங்க, ஆட்சிய எதுத்து எழுதுன கையிலயும் அந்தப் பார்வை தங்கியிருக்குங்கறது பெரிய பாயிண்ட்.

கிளப்பையும் விட்டுடாதீங்க. வெள்ளக்காரங்களுக்கு அது கோட்டை, டாக்டருக்கு ஊ போ சின்ங்கிற பர்மாக்கார மாஜிஸ்ட்ரேட் செய்யுற சதியிலேருந்து தப்பிக்க ஒரு பாதுகாப்பு, ஊ போ சின்னுக்கு கௌரவம். ஒரே கட்டடம், ஆளுக்கு ஒரு அர்த்தம், அதனால சிம்பல்னு எழுதும்போது யாருக்குன்னும் சேத்து எழுதுங்க.

சின்னப் பொருளா வேணும்னா சிறுத்தத் தோல எடுங்க. ஃப்ளோரியும் எலிசபெத்தும் சேந்து வேட்டையாடுன சிறுத்த, அவங்க நெருக்கமா இருந்த நாளோட அடையாளம். ஜெயில்ல பதப்படுத்தக் குடுத்து அது கெட்டுப்போய் வெறச்சு நாத்தம் அடிக்குது, அதத்தான் அவளுக்குக் குடுக்க எடுத்துக்கிட்டு வர்றான். அதுக்குள்ள அவ மனசு வெர்ரல்ங்கிற குதிரப்படை ஆபீசர் பக்கம் போயாச்சு. இந்த ஒரு சீன வச்சே ரெண்டு பக்கம் எழுதலாம், தோல் எப்படி இருந்துச்சு, அவ மொகம் எப்படிப் போச்சு, அவன் என்ன பேசுனான்னு நாவல்ல இருக்கிறத மொதல்ல எழுதிட்டு அப்புறம் உங்க அர்த்தத்துக்கு வாங்க.