துரு ஏறின மேனிஃபோல்ட் நட்ட ஒடிக்காம கழட்டுதது எப்படி

தூத்துக்குடில உப்பு ஏத்துத வண்டி, உவரி கூத்தங்குழி பக்கம் மீன் ஏத்துத வண்டி, இதுகள்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட, அதாவது எஞ்சின் பொகைய சேத்து சைலன்சர் பக்கம் விடுத வார்ப்பிரும்பு கொழாய, எறக்கணும்னு சொன்னாலே பாதி மிஸ்திரிமாருக்கு மொகம் சுருங்கிரும். வேலை என்னமோ சின்ன வேலைதான், கேஸ்கெட் (நடுவுல பொகை கசியாம வைக்குத தகடு) மாத்தணும் அவ்ளோதான், ஆனா கழட்டும்போது ஒரு ஸ்டட் (நட்டு மாட்டுத, தலையில்லாத போல்ட்) ஹெட்டுக்குள்ள (எஞ்சினோட மேல்பாகம்) ஒடிஞ்சு உக்காந்துட்டுன்னா கதையே மாறிரும், ஹெட்ட எறக்கணும், லேத்து பட்டறைக்கு தூக்கிட்டு போகணும், வாடகை போச்சு, டிரைவர் படி போச்சு. அதனால கீழ சொல்லுதது பூராவும் ஒடிக்காம எடுக்கதுக்குத்தான், ஒடிஞ்சா என்ன பண்ணணும்ங்கது கடைசில.

மொதல்ல இது மேனிஃபோல்ட் பிரச்சனைதானான்னு பாத்துக்கிடுங்க. காலைல ஆறிக்கெடக்க வண்டிய ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வரும், வண்டி சூடான பெறவு கொறஞ்சிரும் இல்ல நின்னே போயிரும். நம்ம ஆளுக டாப்பெட் (வால்வ தட்டுத பாகம்) சத்தம்னு நெனச்சு வால்வு கிளியரன்ஸ் வச்சுக்கிட்டே இருப்பாங்க. ஹெட்டும் மேனிஃபோல்டும் சேருத எடத்துல டார்ச் அடிச்சு பாருங்க, கரி கோடு ஓடியிருந்தா அங்ஙனதான் லீக்கு. டர்போ வண்டினா இழுவையும் கொறையும்.

சரி ஏன் இப்படி இறுகுது? உப்புக்காத்து ஒரு காரணம், தெனமும் சூடாகி ஆறுதது இன்னொரு காரணம், ரெண்டும் சேந்தா துரு வேகமா ஏறும். இரும்ப விட துருவுக்கு எடம் ஜாஸ்தி வேணும், மரைக்குள்ள அது உப்பி ஆப்பு அடிச்சமாதிரி நிக்கும். இதுபோக மேனிஃபோல்ட் நீளுத விஷயம் ஒண்ணு இருக்கு, நெறைய பேரு கவனிக்கதில்ல. வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் ஒரு 2 அடி நீளம்னு வைங்க, லோடோட ஆரியங்காவு ஏத்தம் ஏறும்போது அது 400 டிகிரி கூடுதலா சூடானா சுமார் 2.5 மில்லி நீளும். ஹெட்டுல தண்ணி ஓடுததால அது அந்த அளவுக்கு சூடாகாது, அவ்வளவா நீளாது. அப்ப நடுவுல இருக்க ஸ்டட்டுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, ரெண்டு கடைசிலயும் இருக்க ஸ்டட்டுதான் பக்கவாட்டுல இழுபடும். ஒடியுததும் பெரும்பாலும் கடைசி ஸ்டட்டுகதான். அதனால கழட்டும்போது நடுவுல இருந்து தொடங்காதிய, கடைசில இருக்கத முதல்ல எளக்கி வைங்க. மத்ததெல்லாம் பிடிச்சிருக்கும்போது இதுல பாரம் கம்மி. எல்லாத்தையும் கழட்டிட்டு கடைசி ஒண்ண மட்டும் விட்டா மொத்த எடையும் அதுமேல தொங்கும், துருப்பிடிச்ச ஸ்டட்டுக்கு அது போதும் ஒடியுததுக்கு.

வேலைக்கு முந்தின நாள் சாயந்தரமே ஆரம்பிச்சிருங்க. கம்பி பிரஷ் வச்சு நட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்க மரைய நல்லா தேச்சு துருவ உதுத்துருங்க, இத பண்ணாம எண்ணெய் அடிச்சா மேல இருக்க துரு குடிச்சிட்டு போயிரும், உள்ள ஒண்ணும் எறங்காது. பெறவு டபிள்யூடி 40 அடிங்க, இல்ல அதவிட நல்லா எறங்குத துரு எளக்கி ஸ்ப்ரே கெடச்சா அத அடிங்க. பட்டறைல சிலபேரு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரிக்கு சரி கலந்து வச்சிருப்பாங்க, அருமையா எறங்கும், ஆனா ரெண்டும் ஒட்டாது, ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் ஊத்தணும், அசிட்டோன் பெயிண்டையும் ரப்பரையும் திங்கும், தீயும் டக்குனு பிடிக்கும். வெறும் மண்ணெண்ணெய், டீசல்னு ஊத்துதவங்களும் உண்டு, ஒண்ணுமில்லாததுக்கு பரவால்ல. சாயந்தரம் ஒருதடவை, ராத்திரி ஒருதடவை, காலைல ஒருதடவை. ஸ்டட்டோட நுனில பித்தளை துண்ட வச்சு சுத்தியலால டொக்கு டொக்குன்னு நேரா தட்டுங்க, பலமா இல்ல, அந்த அதிர்வுல துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ள போகும்.

ஸ்பேனர் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். எம் 8 (8 மில்லி) ஸ்டட்டுனா பொதுவா 13ஆம் நம்பர் ஸ்பேனர், எம் 10னா பழைய வண்டில 17. ஆனா துரு தின்னு நட்டு மெலிஞ்சிருக்கும், 17 லூசா ஆடுச்சுன்னா 16 பாக்ஸ தட்டி ஏத்துங்க. ஆறு மூலை பாக்ஸ்தான் வேணும், பன்னெண்டு மூலை ரிங் ஸ்பேனர் மூலைய மட்டும் பிடிக்கும், வழுக்கிட்டுன்னா நட்டு உருண்டையாயிரும். டபுள் எண்ட் ஸ்பேனர இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதிய.

இனி கை. இதுதான் இந்த வேலைல முக்கியமான சங்கதி. ஸ்பேனர்ல பைப்ப மாட்டி தொங்குத ஆளுகதான் ஸ்டட்ட ஒடிக்கது. பைப்பு போட்டா பலம் வரும், ஆனா கைக்கு ஒண்ணும் தெரியாது. சின்ன ரேச்சட், சின்ன கைப்பிடி, மொதல்ல கழட்டுத பக்கம் இல்ல, இறுக்குத பக்கம் ஒரு துளி திருப்புங்க. பட்டுன்னு ஒரு சத்தம் வந்து எளகுச்சுன்னா துரு விட்டுருச்சுன்னு அர்த்தம், அந்த சத்தம் நல்ல சத்தம். சத்தமே இல்லாம ஜவ்வு மிட்டாய முறுக்குத மாதிரி கூடவே வருதுன்னா அங்ஙனயே நிறுத்திருங்க, நட்டு சுத்தல, ஸ்டட்டுதான் முறுகுது, இன்னும் கால் திருப்பு திருப்புனா ஒடிஞ்சு கைல வந்துரும். பழைய மிஸ்திரிமாரு பையன்மாருட்ட "ஏலே, பைய திருப்புலே, அது என்ன சொல்லுதுன்னு கைல கேளு"ன்னு கத்துவாங்க, அது இதுக்குத்தான். எளகுன பெறவும் ஒரேயடியா சுத்தி எடுக்காதிய, அரை சுத்து வெளிய, கால் சுத்து உள்ள, நடுவுல எண்ணெய், மறுபடி அரை சுத்து. வெளிய கெடக்குத துருப்பிடிச்ச மரைல நட்டு பாதி வழில மறுபடி இறுகும். நட்டோட ஸ்டட்டும் சேந்து வெளிய வந்துட்டுன்னா சந்தோசப்படுங்க, அதுவும் ஜெயம்தான், ஸ்டட்டு எப்படியும் புதுசுதான் போடப்போறோம்.

எண்ணெய்க்கு மசியலன்னா சூடு. சூடு காட்டுததுக்கு முந்தி டீசல் லைன், லீக்காஃப் பைப்பு (மிச்ச டீசல் திரும்பி போற கொழாய்), வயரு இதெல்லாம் எங்க போகுதுன்னு பாத்து ஒதுக்கி கட்டுங்க, நேத்து ஊத்துன எண்ணெய தொடைங்க, பக்கத்துல தீயணைப்பான் இல்லாம பத்த வைக்காதிய. பிரேக் கிளீனர் அடிச்ச எடத்துல தீ காட்டவே கூடாது, சில கிளீனர்ல குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும், அது சூடுபட்டா ஃபாஸ்ஜீன்னு விஷவாயு வரும், வெளயாட்டு இல்ல. கேஸ் வெல்டிங் டார்ச்ல சின்ன நாசில் போட்டு நட்ட மட்டும் சுத்தி சுத்தி செவக்க காட்டுங்க, ஸ்டட்ட காட்டாதிய, நட்டு விரிஞ்சாத்தான் மரை விடும். செவப்பு அடங்குனதும் சூடோட இருக்கும்போதே இறுக்கி எளக்கி பாருங்க. அப்பவும் வரலன்னா இன்னும் கொஞ்சம் ஆறவிட்டு மெழுகுவத்திய மரைல தொடுங்க, உருகி உள்ள உறிஞ்சிக்கிடும், ஸ்ப்ரே அடிச்சா பொகஞ்சு பத்திக்கிடும், மெழுகுக்கு அந்த சேட்டை கம்மி. ஆனா தண்ணி மட்டும் ஊத்தாதிய. சூடான வார்ப்பிரும்புல தண்ணி பட்டா ஹெட்டு வெடிச்சிரும், நட்டுக்கு போயி ஹெட்ட கொடுத்த கதையாயிரும். இண்டக்ஷன் ஹீட்டர் வச்சிருக்க பட்டறைனா அதுதான் உத்தமம், தீயே இல்லாம நட்டு மட்டும் செவக்கும்.

நட்டு உருண்டையாயிட்டா நேரத்த வீணாக்க வேண்டாம், நட்டு ஸ்பிளிட்டர் போட்டு வெட்டுங்க, எடம் இல்லன்னா கூரான உளிய நட்டோட ஒரு பக்க முகத்துல வச்சு அடிச்சு பிளந்துருங்க. ஸ்டட்டோட மரை கொஞ்சம் அடிபட்டா படட்டும்.

இவ்வளவு பாத்தும் ஒடிஞ்சிட்டா, சவம் ஒடிஞ்சிட்டேன்னு உடனே டிரில்ல தூக்காதிய, எவ்வளவு வெளிய நிக்குன்னு பாருங்க. அரை இன்ச்சு நின்னா ரெண்டு நட்ட போட்டு ஒண்ணோட ஒண்ண இறுக்கி உள்நட்டுல ஸ்பேனர் போட்டு திருப்பலாம், மரை போயிருந்தா வைஸ் கிரிப். கொஞ்சூண்டு நின்னாலோ முகத்தோட முகமா ஒடிஞ்சிருந்தாலோ வெல்டிங்தான். ஸ்டட்டுமேல ஒரு வாஷர வச்சு நடுவுல வெல்ட் நெரப்பி, அதுமேல ஒரு நட்ட வச்சு மறுபடி நெரப்பணும். வார்ப்பிரும்புல சாதா வெல்டு லேசுல ஒட்டாது, அதனால பக்கத்து மரை பெரும்பாலும் தப்பிச்சிரும். இதுல இன்னொரு லாபம், வெல்டிங் சூட்டுல ஸ்டட்டு விரியப் பாக்கும், சுத்தி ஹெட்டு விடாது, ஆறும்போது ஒரு துளி சுருங்கி துருவ விட்டு விலகும். அதனால செவப்பு போயி ஆறுத வரைக்கும் பொறுத்து பெறவு திருப்புங்க, மொத வெல்டு பிஞ்சிட்டுன்னா மறுபடி போடுங்க, சில எடத்துல பலதடவை போட்டாத்தான் வரும். ஆர்க் வெல்டிங் போடுததுக்கு முந்தி பேட்டரி ஒயரையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழட்டுங்க, எர்த்து கிளாம்ப ஹெட்டுலயே பக்கத்துல போடுங்க, சேஸிஸ்ல போட்டா கரண்டு பேரிங் வழியா சுத்திட்டு வரும்.

உள்ளுக்குள்ள ஒடிஞ்சு வெல்டும் எட்டலன்னா மட்டும் டிரில். சரியா நடுவுல சென்டர் பஞ்ச் வைக்கதுதான் பாதி வேலை. ஒரு கனமான தகட்டுல ஓட்டை போட்டு நல்லா இருக்க பக்கத்து ஸ்டட்டுல மாட்டி வழிகாட்டியா வச்சா பிட்டு ஓடாது. 3 மில்லில தொடங்கி 5க்கு போங்க, எடப்பக்கம் சுத்துத பிட்டு கெடச்சா அதுலயே பல நேரம் துண்டு சுத்திக்கிட்டு வெளிய வந்துரும். கோணலா போனா நிறுத்துங்க. ஆழமும் பாருங்க, சில ஹெட்டுல ஸ்டட்டு ஓட்டைக்கு பின்னாடியே தண்ணி ஓடும். மரைய காப்பாத்த முடியலன்னா எம் 8க்கு 6.8, எம் 10க்கு 8.5 மில்லி வரைக்கும் போயி டேப்ப (மரை வெட்டுத கருவி) விட்டு மிச்ச துண்ட எடுக்கலாம், அதுவும் போச்சுன்னா ஹெலிகாயில் (புது மரையா வைக்குத கம்பிச்சுருள்).

ஈசி அவுட் (ஒடிஞ்ச ஸ்டட்டுல ஓட்டை போட்டு எதிர்பக்கமா திருகி எடுக்குத கருவி) பத்தி ஒரு வார்த்தை. கடைக்காரர் "இத போட்டா வந்துரும் அண்ணாச்சி"ம்பார். ஸ்பேனருக்கே வராம ஒடிஞ்ச ஸ்டட்டு அதவிட ஒல்லியான ஒரு கம்பிக்கு எப்படி வரும்? அது உள்ள ஒடிஞ்சா சாதா பிட்டு அதுல ஏறவே ஏறாது, அவ்ளோ கெட்டி. லூசா இருக்க துண்டுக்கு வேணா போடுங்க.

மாட்டும்போது ஓட்டைல டேப்ப விட்டு துருவ சுத்தம் பண்ணி காத்தடிங்க. மேனிஃபோல்ட் முகத்துல நேர்சட்டம் வச்சு ஃபீலர் கேஜ் (இடுக்க அளக்குத மெல்லிசு தகடு) விட்டு பாருங்க, கோட்டமா இருந்தா லேத்துல குடுத்து முகத்த சீவி மட்டமாக்கணும், புது கேஸ்கெட் போட்டு இழுத்து இறுக்குனா மறுபடி கடைசி ஸ்டட்டுதான் ஒடியும். ஸ்டட்டு புதுசு, நட்டும் புதுசு, பித்தளை நட்டு கெடச்சா இன்னும் நல்லது, அது துருவுல பிடிக்காது. மரைல செம்பு இல்ல நிக்கல் ஆன்டி சீஸ் (மரை பிடிச்சுக்கிடாம இருக்க தடவுத பசை) தடவுங்க, கிரீஸ் வேண்டாம், எரிஞ்சு கரியாயிரும். ஆன்டி சீஸ் தடவுனா மரை வழுக்கும், அதனால மேனுவல்ல போட்டிருக்க டார்க்க (இறுக்குத அளவ) விட கொஞ்சம் கம்மியா வைங்க. தண்ணிக்குள்ள போற ஓட்டைனா ஹெட்டு பக்க மரைல சீலண்ட். இறுக்குதது நடுவுல இருந்து ரெண்டு பக்கமும், ரெண்டு மூணு சுத்தா. ஒரு லோடு ஓட்டி, ராத்திரி நல்லா ஆறவிட்டு, காலைல வண்டிய எடுக்கதுக்கு முந்தி எல்லா நட்டையும் ஒருதடவை டார்க் ரிஞ்ச் வச்சு பாத்துருங்க, ஸ்டட்டு ஓரத்துல தண்ணி ஈரம் இருக்கான்னும் சேத்து பாருங்க.