வீட்டில் இருப்பதைக் கொண்டே கிறிஸ்துமஸ் மர அலங்காரமும் பரிசுகளும்

கிறிஸ்துமஸுக்கான பரிசுகளையும் மர அலங்காரங்களையும் வீட்டிலேயே செய்துகொண்டால் செலவு குறையும் என்று நம்பித் தொடங்குகிறவர்களில் பலர், பசை, மினுக்குத் தூள், வண்ணத் தாள், அச்சுகள் என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, கடைசியில் ஆயத்த அலங்காரத்துக்கு ஆகும் செலவையும் தாண்டிவிடுகிறார்கள். முதல் ஆண்டில் எனக்கும் அதுவே நேர்ந்தது. இப்போது நான் பின்பற்றும் முறை வேறு. நவம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, சமையலறையையும் அலமாரிகளையும் திறந்து பார்த்து, கையில் இருப்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். என்ன செய்வது என்பதை அந்தப் பட்டியலே முடிவு செய்கிறது.

மைதா, தூள் உப்பு, சர்க்கரை, பழுப்பு உறைத்தாள், முடிந்துபோன நாட்காட்டி, காலிக் கண்ணாடிக் குடுவைகள், கழற்றி வைத்த பொத்தான்கள், மிச்சக் கம்பளி நூல், காலர் நைந்தாலும் முதுகுப்பகுதி நன்றாக இருக்கும் சட்டைகள் ஆகியவை பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும். இவற்றோடு வெள்ளை அக்ரிலிக் வண்ணம் ஒரு புட்டி, வார்னிஷ் ஒரு சிறு டப்பா, தடித்த நூல் ஒரு கண்டு ஆகிய மூன்றை மட்டும் வாங்கினால் போதும். வண்ணங்களையும் இரண்டுக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். சிவப்பும் வெள்ளையும் என்று முடிவு செய்துவிட்டால், தாள், மாவு, துணி, பொத்தான் என வெவ்வேறு பொருள்களில் செய்தவையும் மரத்தில் ஒரே குடும்பமாகத் தெரியும்.

காகித அலங்காரத்தைக் காசில்லாதவர்களின் மாற்று ஏற்பாடு என்று எண்ண வேண்டியதில்லை. 1605ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு குறிப்பு, இன்று பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தார் தங்கள் வீட்டுக் கூடங்களில் ஃபர் எனும் ஊசியிலை மரங்களை நிறுத்தி, பல வண்ணத் தாள்களில் வெட்டிய ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் மெல்லிய அப்பங்களையும் இனிப்புகளையும் அவற்றில் தொங்கவிட்டதாகச் சொல்கிறது. கண்ணாடி உருண்டைகள் வருவதற்கு முன்பே மரத்தில் இடம்பிடித்தது கத்தரித்த தாள்தான்.

அலங்காரங்களில் முதலில் தொடங்க வேண்டியது உப்பு மாவு வேலை, ஏனென்றால் உலர்வதற்கு அதுவே அதிக நாள் எடுத்துக்கொள்ளும். 2 கப் மைதாவுக்கு 1 கப் தூள் உப்பு என்ற அளவில் கலந்து, முக்கால் கப் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையுங்கள். தேவைப்பட்டால் மட்டும் 1 கப் வரை தண்ணீரைக் கூட்டலாம். பேக்கிங் பவுடர் கலந்து விற்கும், தானே பொங்கி எழும் வகை மாவை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கல் உப்பாக இருந்தால் மிக்சியில் பொடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தேய்க்கும்போது மாவு கிழியும். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்த பிறகு, ஒரு சிறு உருண்டையை உள்ளங்கையில் வைத்துத் தட்டிப் பாருங்கள். ஓரம் வெடித்தால் ஈரம் போதாது. கையில் ஒட்டினால் இன்னும் ஒரு கரண்டி மாவு வேண்டும்.

மாவை 5 மில்லிமீட்டர் கனத்துக்கு, தட்டில் வைக்கும் தாளின் மேலேயே தேய்த்து அங்கேயே வெட்டுங்கள். வெட்டிய பிறகு கையால் தூக்கி இடம் மாற்றினால் நட்சத்திரத்தின் கூர்முனைகள் இழுபட்டுக் கோணலாகிவிடும். அச்சு இல்லையென்றால் டம்ளரின் விளிம்பு வட்டத்தைத் தரும், அட்டையில் வரைந்து வெட்டிய உருவத்தை மேலே வைத்துக் கத்தி நுனியால் சுற்றி வந்தால் மற்ற வடிவங்களும் கிடைக்கும். நூல் கோக்கும் துளையை ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, உறிஞ்சுகுழலால் குத்தி எடுங்கள். காய்ந்த பிறகு துளையிட முயன்றால் துண்டு உடைந்துவிடும். இலை, சரிகைத் துணி, பொத்தானின் முகம் போன்றவற்றை ஈர மாவில் அழுத்தினால் அழகான பதிவுகள் விழும். கைக்குழந்தையின் உள்ளங்கையைப் பதிக்கும்போது விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திவிட வேண்டும், ஏனெனில் குழந்தை தானாக அழுத்தும்போது உள்ளங்கை மட்டுமே ஆழமாகப் பதிந்து, விரல்கள் மங்கலாகவே தெரியும்.

ஓவனில் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் வைத்து, பாதி நேரத்தில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். அவசரப்பட்டு ஒருமுறை 180 டிகிரியில் வைத்துவிட்டேன். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றி மேற்பரப்பைக் கொப்புளமாகத் தூக்கிவிட்டது, நட்சத்திரங்கள் பழுப்பேறி வளைந்தன. ஓவன் இல்லாதவர்கள் கம்பித் தட்டில் பரப்பி, நாளுக்கு ஒருமுறை திருப்பிவிட்டு நான்கைந்து நாள் காற்றில் உலர்த்தலாம். ஒரு பக்கம் மட்டும் காய்வதால்தான் துண்டுகள் வளைகின்றன என்பதால் திருப்புவதை மறக்கக் கூடாது. அடிப்பக்கத்தை நகத்தால் தட்டும்போது ஓடு தட்டுவது போன்ற ஒலி எழுந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள்.

வண்ணம் காய்ந்த பின் முன்பக்கம், பின்பக்கம், ஓரம், துளையின் உட்புறம் என எல்லா இடங்களிலும் இரண்டு முறை வார்னிஷ் பூசுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது, பூச்சு விட்டுப்போன ஓரிடம் இருந்தாலும் அதன் வழியாகத் துண்டு மெதுவாக நமுத்துப்போகும். நாய் வளர்க்கும் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்பு மாவு நாய்களுக்கு உயிருக்கே ஆபத்தான அளவுக்குச் சோடியத்தைக் கொண்டது; பிசையும்போதும், உலர்த்தும்போதும், மரத்தில் தொங்கும்போதும் அது அவற்றின் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது தாள் நட்சத்திரம். பழைய நாட்காட்டித் தாளில் 15 சென்டிமீட்டர் சதுரங்கள் இரண்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்தை நெடுக்கும் குறுக்குமாகப் பாதியாக மடித்து விரித்து, பின்னர் இரு மூலைவிட்டங்களிலும் மடித்து விரியுங்கள். நெடுக்கு, குறுக்கு மடிப்புகள் ஓரத்தைத் தொடும் நான்கு இடங்களிலிருந்தும் நடுப்புள்ளியை நோக்கிப் பாதித் தூரம் மட்டும் வெட்டுங்கள். இப்போது ஒவ்வொரு மூலைக்கும் இருபுறம் இரண்டு மடல்கள் கிடைத்திருக்கும். வெட்டு முடியும் இடத்திலிருந்து மூலையின் நுனிவரை கோடிட்டது போல அந்த மடல்களைப் பின்பக்கமாக மடித்து, ஒன்றின் மேல் மற்றொன்றை ஏற்றி ஒட்டினால், தட்டையாக இருந்த மூலை கூரை போல நிமிர்ந்து நட்சத்திரக் கதிராகிவிடும். நான்கு மூலைகளையும் இப்படியே செய்து, இரண்டாவது சதுரத்தையும் முடித்து, ஒன்றின் கதிர்கள் மற்றதன் இடைவெளிகளில் வருமாறு திருப்பி முதுகோடு முதுகு ஒட்டினால், எட்டுக் கதிர் நட்சத்திரம் ஆயத்தம். முதல் நட்சத்திரத்துக்குக் கால் மணி நேரம் ஆகும்; கை பழகிய பிறகு ஐந்து நிமிடம் போதும். ஒட்டுவதற்கு முன் நூலை இரண்டுக்கும் நடுவில் வைக்க மறந்துவிடாதீர்கள்.

வளையச் சங்கிலியைச் சிறு பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். 20 சென்டிமீட்டர் நீளமும் 2.5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பட்டைகளை வெட்டிக் கொடுத்தால், ஒரு மீட்டர் சங்கிலிக்கு ஏறக்குறைய 17 வளையங்கள் தேவைப்படும். எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை அறிய, ஒரு நூலை மரத்தின் மேல் நீங்கள் விரும்பும் தொய்வோடு சுற்றிப் பார்த்து அதை அளந்துகொள்ளுங்கள்.

மணத்துக்கு ஆரஞ்சு வில்லைகள் போதும். பழத்தை 5 மில்லிமீட்டர் கனத்தில் சமமாக நறுக்கி, துணியால் இருபுறமும் ஒற்றி ஈரத்தை எடுத்து, கம்பித் தட்டில் அடுக்கி, 100 டிகிரியில் மூன்று முதல் நான்கு மணி நேரம், மணிக்கு ஒருமுறை திருப்பி உலர்த்த வேண்டும். சூடு கூடினால் தோல் கருகும். நடுவில் சற்றே பிசுபிசுப்பு இருக்கும்போது எடுத்து, ஓரிரவு காற்றில் விட்டால் மீதி உலர்ந்துவிடும். விளக்குக்கு முன்னால் தொங்கவிடுங்கள், ஒளி சுளைகளின் வழியே ஊடுருவி வரும். மெழுகுவர்த்தியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மரத்தில் ஏற்றாதீர்கள். மரத்தில் மின்விளக்கு 1882இலேயே நியூயார்க்கில் எட்வர்ட் ஜான்சன் என்பவரின் வீட்டில் எரிந்துவிட்டது. தாளும் உலர்ந்த பழமும் தொங்கும் மரத்துக்குச் சூடு குறைந்த எல்இடி விளக்கே உகந்தது.

இனி பரிசுகள். குடும்பத்தில் பத்துப் பேர் இருந்தால், ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருக்கும் பரிசு செய்வது யாராலும் முடியாது, முடித்தாலும் கடைசி நாலைந்தில் அரைமனது தெரியும். பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கு ஒருவர் என்று எடுத்துக்கொள்வதை நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். ஒருவருக்காக ஒரு மாதம் யோசித்துச் செய்த பொருளில் அந்த யோசனை தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த பரிசு குடும்பச் சமையல் குறிப்பேடு. பாட்டி அல்லது அத்தை வழக்கமாகச் செய்யும் பண்டங்களைக் கேட்டு எழுதத் தொடங்கினால், ‘கண்ணளவு’, ‘ஒரு கை’ என்ற பதில்தான் கிடைக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. அவர் சமைக்கும்போது அருகில் தராசோடு நில்லுங்கள். உப்பு டப்பாவையும் மாவு டப்பாவையும் அவர் கை வைப்பதற்கு முன் ஒருமுறை, எடுத்த பின் ஒருமுறை எடை போட்டுக் கழித்தால், அவருடைய ஒரு கை எத்தனை கிராம் என்பது தெரிந்துவிடும். அவர் வேலையைத் தடுக்க வேண்டியதில்லை, அளந்து போடச் சொல்லவும் வேண்டியதில்லை. இயன்றால் தலைப்புகளையேனும் அவர் கையெழுத்திலேயே எழுதச் செய்து, ஒரு மூலப்படியை நகலெடுத்து, துணி அட்டை போட்டுத் தைத்துவிட்டால், எத்தனை வீடுகளுக்கு வேண்டுமானாலும் அதே பரிசைக் கொடுக்கலாம்.

பிள்ளைகளுக்கு முகச் சீட்டுகள் செய்து கொடுங்கள். குடும்பத்தினர் 12 பேரின் முகங்களை இரண்டிரண்டு படிகள் அச்சிட்டு, 6 சென்டிமீட்டர் சதுர அட்டைகளில் ஒட்டினால், கவிழ்த்து வைத்து இணை தேடும் விளையாட்டுக்கு 24 சீட்டுகள் கிடைக்கும். பின்புறம் ஒளி ஊடுருவாத ஒரே தாளை எல்லாச் சீட்டுகளிலும் ஒட்ட வேண்டும். கறையோ மடிப்போ உள்ள ஒரு சீட்டு இருந்தாலும் பிள்ளைகள் இரண்டே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். தொலைவில் இருக்கும் உறவினர்களின் முகங்களையும் குழந்தை இதில் கற்றுக்கொள்கிறது.

பெரியவர்களுக்குச் சர்க்கரைத் தேய்ப்பு எளிதானது. 1 கப் சர்க்கரைக்கு அரை கப் தேங்காய் எண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய் என்ற அளவில் கலந்து குடுவையில் அடைத்தால், கைகால்களில் தேய்த்துக் கழுவ உதவும். குடுவையில் பழைய ஒட்டுத்தாள் இருந்தால் வெந்நீரில் ஊறவைத்து உரித்து, எஞ்சிய பசையை எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்த கலவையால் தேய்த்தெடுங்கள். கலவை நிரப்பும் குடுவை ஒரு சொட்டு ஈரமும் இன்றி உலர்ந்திருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்பதால், உலர்ந்த கரண்டியால் எடுக்கவும் இரண்டு மாதத்துக்குள் தீர்க்கவும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். குளியலறைத் தரை வழுக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் செய்வதே நல்லது. மீந்த மெழுகை உருக்கிக் குடுவை மெழுகுவர்த்தி செய்வதை நான் சொல்லமாட்டேன். சூடு தாங்காத கண்ணாடி விரிசல் விட்டால் தீயில் போய் முடியும்.

பொதிவதற்கு, நைந்த சட்டையின் முதுகுத் துணியே போதும். கனசதுரப் பெட்டியாக இருந்தால், அதன் பக்க நீளத்தைப் போல நான்கு மடங்கு பக்கமுள்ள சதுரத் துணியை எடுத்து, பெட்டியை மூலைவாக்கில் நடுவில் வைத்து, எதிரெதிர் மூலைகளை முடிச்சிடுங்கள். ஜப்பானியர் ஃபுரோஷிகி என்று அழைக்கும் இம்முறையில் ஒட்டுநாடா தேவையில்லை, அடுத்த ஆண்டும் அதே துணி பயன்படும்.

மரத்தை நிறுத்திய பிறகு, கனமான உப்பு மாவுத் துண்டுகளைத் தண்டுக்கு நெருக்கமாகவும், எடையற்ற தாள் நட்சத்திரங்களைக் கிளை நுனிகளிலும் கட்டுங்கள். பண்டிகை முடிந்து எடுத்து வைக்கும்போது, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் செய்தவர் பெயரும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பு மாவில் வார்னிஷ் பூசுவதற்கு முன்பே பென்சிலால் எழுதிவிட வேண்டும். முட்டை அட்டைகளின் குழிகளில் சிறியவற்றையும், மெல்லிய தாள் சுற்றிப் பெரியவற்றையும் அடுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் மூடி, வீட்டிலேயே ஈரம் குறைந்த அலமாரியில் வையுங்கள்.