ஸ்ட்ரக்ட் ஃபங்ஷனுக்குள் எப்படிப் போகிறது? நெல் மூட்டையை வைத்து ஒரு செய்முறை

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். குறுவை அறுப்பு சமயத்தில் அப்பாவுக்காக சி மொழியில் ஒரு நெல் கணக்கு எழுதினேன். ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளை ஒரே கட்டாக வைக்கும் அமைப்பு) இரண்டே உறுப்பு: மூட்டை எடை, எண்ணிக்கை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் பேச்சு வளரும் என்பதால் அதையும் பிறகு சேர்த்தேன். ஒரு ஃபைலை மட்டும் மறுபடி கம்பைல் செய்தேன். 40 கிலோ மூட்டைக்கு வாய்க்கு வந்த எடை காட்டியது.

காரணத்தை நீங்களே பார்க்கலாம். 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி, லினக்ஸ், ஜிசிசி கம்பைலர் போதும்.

படி 1: எடை டபுள் (8 பைட் தசம எண்), எண்ணிக்கை இன்ட் (4 பைட் முழு எண்) என்று ஸ்ட்ரக்ட் எழுதுங்கள். அதை வாங்கி, இரண்டையும் பெருக்கித் தரும் ஃபங்ஷன் ஒன்று. ஸ்டாட்டிக் போடாதீர்கள், கம்பைலர் அதை விழுங்கிவிடலாம்.

படி 2: ஜிசிசி கட்டளையில் ஹைஃபன் போட்டு பெரிய ஓ, 1, இடைவெளி விட்டு இன்னொரு ஹைஃபன், பெரிய எஸ் (-O1 -S). அசெம்பிளி (சிபியு கட்டளைகளின் எழுத்து வடிவம்) வரும். எடை, தசம எண்களுக்கான எக்ஸ்எம்எம்0 ரெஜிஸ்டரில் (ரெஜிஸ்டர் என்பது சிபியுவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்); எண்ணிக்கை ஈடிஐயில் (சாதாரண ரெஜிஸ்டரான ஆர்டிஐயின் கீழ் 32 பிட்). மூட்டை மூட்டையாகப் போகவில்லை, பிரிந்து போயிருக்கிறது! ஸ்ட்ரக்ட் 16 பைட்டுக்குள் இருந்தால் எட்டெட்டு பைட்டாக வெட்டுவது இங்குள்ள வழக்கம் (சிஸ்டம் வி ஏபிஐ என்ற அழைப்பு விதிமுறை). நம்முடையது 12 தான். நிரப்புப் பைட் 4 சேர்ந்து 16.

படி 3: ஈரப்பதத்தை டபுளாகக் கடைசியில் சேருங்கள். 24 பைட். இப்போது ரெஜிஸ்டர் கிடையாது. அழைப்பவர் (ஃபங்ஷனைக் கூப்பிடும் கோட்) முழு நகலையும் ஸ்டாக்கில் (அழைப்புகளுக்கான நினைவகப் பகுதி) வைக்கிறார். எடையை ஆர்எஸ்பி (ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ரெஜிஸ்டர்) கூட்டல் 8-இல் தேடுவது தெரியும். என் பிழை இதுதான்: புது ஃபைல் ஸ்டாக்கில் வைத்தது, பழைய ஆப்ஜெக்ட் ஃபைல் (முன்பே கம்பைல் ஆகிக் கிடந்தது) எக்ஸ்எம்எம்0-வில் தேடியது. கம்பைலரும், ஆப்ஜெக்ட் ஃபைல்களை இணைக்கும் லிங்கரும் மூச்சு விடவில்லை.

படி 4, எனக்குப் பிடித்தது: ஈரப்பதத்தை ஃப்ளோட் (4 பைட் தசம எண்) ஆக்குங்கள். மறுபடி 16 பைட். எண்ணிக்கையும் ஈரப்பதமும் ஒரே எட்டு பைட் துண்டில் விழுகின்றன. துண்டில் ஒரு முழு எண் கலந்தாலே அது சாதாரண ரெஜிஸ்டருக்குத்தான் போகும். ஆக, தசம எண்ணான ஈரப்பதம் ஆர்டிஐயின் மேல் 32 பிட்டில் ஒண்டிக்கொள்கிறது. ஃபங்ஷன் ஈரப்பதத்தைத் திருப்பித் தரும்படி மாற்றினால், 32 பிட் வலப்பக்கம் தள்ளி எடுப்பதைக் காணலாம்.

விண்டோஸில் கதை வேறு. இதே 16 பைட் ஸ்ட்ரக்டுக்கு அங்கே அழைப்பவர் நகல் எடுத்து, அதன் முகவரியை மட்டும் ஆர்சிஎக்ஸ் ரெஜிஸ்டரில் தருவார். ஸ்ட்ரக்டில் கை வைத்தால், நான் இப்போதெல்லாம் பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் கம்பைல் செய்கிறேன்.