சிங்கப்பூர் ஆற்றிலிருந்து மரினா பே வரை: கட்டடங்களையும் சிற்பங்களையும் நடந்தே பார்ப்பது எப்படி?

மரினா பேயைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே மரினா பே சாண்ட்ஸ் என்ற அந்த மூன்று கோபுர ஹோட்டல் முன்னால் போய் இறங்குகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். கை நிறையப் படங்கள் எடுத்தேன், மனதில் எதுவும் தங்கவில்லை. அடுத்த முறை ஆற்றங்கரையில் தொடங்கி, தண்ணீரோடு கூடவே நடந்து விரிகுடாவுக்குப் போனேன். அன்றுதான் அந்த இடம் எனக்குப் பிடிபட்டது. கட்டடக் கலை படிக்காதவர்களும் அப்படிப் பார்க்கலாம். மொத்தம் இரண்டரை, மூன்று கிலோமீட்டர் நடை.

கிளம்பும் முன்

மாலை நாலு மணிவாக்கில் தொடங்குங்கள். ஏழு மணிக்குப் பொழுது சாயும், அதற்குள் விரிகுடாப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம். தண்ணீர் பாட்டில், குடை, தேயாத செருப்பு. அவ்வளவுதான்.

ஒரு விஷயம் மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். இந்த ஆற்றில் ஒரு காலத்தில் தொங்கான் படகுகள் மொய்த்துக் கிடந்தன. கப்பல்களிலிருந்து சரக்கை ஏற்றி வந்து கரையோரக் கிடங்குகளில் இறக்குவார்கள். சாக்கடையும் குப்பையும் கலந்து ஆறு நாறியது. 1977-இல் தொடங்கிய துப்புரவுப் பணி பத்து ஆண்டுகள் நடந்தது. 1983-இல் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றினார்கள். ஆறு தூய்மையானது, பிழைப்பு இடம் மாறியது. நீங்கள் பார்க்கப்போகும் எல்லாமே அதற்குப் பின் எழுந்த கேள்விக்கு ஒரு பதில்: வேலை போன கரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதல் படி: இரண்டு வெண்கலச் சிலைகள்

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஆற்றுப் பக்கம் வந்தால் யூஓபி பிளாசா. 280 மீட்டர் கோபுரம், கென்சோ டாங்கே வடிவமைத்தது. அண்ணாந்து பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கீழே இருக்கும் சிலைகளிடம் போங்கள். சால்வடார் டாலியின் 'நியூட்டனுக்கு மரியாதை'யில் தலையில் ஓட்டை, நெஞ்சிலும் ஓட்டை. நெஞ்சுக்குள் ஓர் இதயம் தொங்குகிறது, கையிலிருந்து ஓர் உருண்டை தொங்குகிறது. பக்கத்தில் ஃபெர்னாண்டோ பொட்டேரோவின் குண்டுப் பறவை.

'இதற்கு என்ன அர்த்தம்?' என்று உடனே கேட்காதீர்கள். முதலில் ஒரு முழுச் சுற்று சுற்றி வாருங்கள். நியூட்டனின் ஓட்டை வழியாகப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். நீங்கள் ஓர் அடி நகர்ந்தால் அந்தக் காட்சியும் மாறும். சிலைக்குள் ஊரே வந்துபோகிறது. பொது இடத்துச் சிற்பத்தை அருங்காட்சியகத்துச் சிற்பத்திலிருந்து பிரிப்பது இதுதான்.

இரண்டாம் படி: கேவனா பாலத்தில் நில்லுங்கள்

இந்த நடையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. 1869-இல் கட்டிய இரும்புப் பாலம், இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். மாடும் குதிரையும் போகக்கூடாது என்ற பழைய பலகை இன்னும் இருக்கிறது. பாலத்தையொட்டி, ஃபுல்லர்டன் ஹோட்டல் பக்கம், ஐந்து வெண்கலச் சிறுவர்கள் ஆற்றில் குதிக்கிறார்கள். சோங் ஃபா சியோங் 2000-இல் செய்த 'முதல் தலைமுறை'. அந்தரத்தில் நிற்கும் பையனின் கால்களைப் பாருங்கள். எனக்கு நம் ஊர்க் கிணற்றடி ஞாபகம் வந்தது.

பாலத்தைத் தாண்டி ஆசிய நாகரிக அரும்பொருளகம் பக்கம் போனால் இன்னொரு சிற்பத் தொகுதி: 'செட்டியார்களிலிருந்து நிதியாளர்கள் வரை'. செர்ன் லியன் ஷான் 2002-இல் செய்தது. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில், அதாவது செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கடைவீடுகளில், பெட்டியடி போட்டு அமர்ந்து வட்டிக்குக் கொடுத்த நம் செட்டியார், இன்றைய பணச் சந்தையின் முன்னோராக இங்கே இருக்கிறார். அந்தக் கிட்டங்கிகள் இன்று இல்லை. அதே தெருவில் இப்போது கேப்பிட்டாஸ்பிரிங் என்ற 280 மீட்டர் கோபுரம் நிற்கிறது. செட்டியார் பக்கத்தில் நின்றபடி எதிர்க்கரையைப் பாருங்கள். 1989-இல் பாதுகாக்கப்பட்ட போட் கீ கடைவீடுகள், முன்புறக் கூரை நடைபாதையான அஞ்சடியோடு குள்ளமாக வரிசை கட்டியிருக்கும், அவற்றின் தலைக்கு மேல் வங்கிக் கோபுரங்கள். பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்.

மூன்றாம் படி: வெயிலை எப்படிச் சமாளிக்கிறது?

கரையோரமாகவே நடந்தால் எஸ்பிளனேட் கலையரங்கம். 2002-இல் திறந்தது. ஊர் மக்கள் முள் நிறைந்த டுரியான் பழம் என்கிறார்கள், பார்த்ததும் தெரிந்துவிடும். ஒரு புதுக் கட்டடத்தின் முன் நின்று என்ன கேட்பது என்று தெரியாதவர்களுக்கு நான் சொல்லும் ஒரே கேள்வி: இது வெயிலுக்கும் மழைக்கும் என்ன செய்கிறது?

இங்கே பதில் கண்ணெதிரே இருக்கிறது. கண்ணாடிக் கூடு மட்டும் இருந்திருந்தால் உள்ளே வெந்துபோயிருப்பார்கள். அதனால் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முக்கோண அலுமினிய மறைப்புகளைப் போர்த்தினார்கள். சூரியன் வரும் திசைக்கு ஏற்ப அவற்றின் கோணம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அந்த முள், அழகுக்காக ஒட்டியது இல்லை, நிழலுக்காக வந்தது. உள்ளே போய் அந்த நிழல் விழுவதையும் பார்த்துவிடுங்கள்.

எதிரே சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் தெரியும். 1972-இல் வைத்த சிலை. புதுப் பாலம் வந்து மறைத்துவிட்டதால் 2002-இல் இந்த இடத்துக்கு நகர்த்தினார்கள். அதற்கு இவ்வளவு போதும்.

நான்காம் படி: ஹீலிக்ஸ் பாலம்

280 மீட்டர் எஃகு முறுக்கு, டிஎன்ஏ வடிவத்தில். இருட்டிய பிறகு தரையில் சி, ஜி, ஏ, டி எழுத்துகள் ஜோடி ஜோடியாக ஒளிரும். மரபணுவின் நான்கு எழுத்துகள் அவை. பிள்ளைகளோடு போனால் அவர்களையே தேடச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: இப்போது அந்த மூன்று கோபுரங்கள்

மோஷே சாஃப்டி வடிவமைத்த மரினா பே சாண்ட்ஸ், கடலைத் தூர்த்த நிலத்தில் நிற்கிறது. பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கோபுரமும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு பலகைகள் போலிருக்கும், கீழே அகன்று, மேலே சேரும். உச்சியில் 340 மீட்டர் நீளத் தோட்டம். முன்னால் நின்று படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சாய்வு தெரியவே தெரியாது.

அப்புறம் கடைத்தொகுதிக்குள் நெட் கானின் 'ரெயின் ஆகுலஸ்': 22 மீட்டர் அகலக் கிண்ணத்தில் தண்ணீர் சுழித்து, நடுத் துளை வழியாகக் கீழே கொட்டும். அது இயங்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே தாமரை வடிவ ஆர்ட்சயின்ஸ் அருங்காட்சியகம். அதன் கூரையே ஒரு கிண்ணம். பெய்யும் மழையைச் சேர்த்து, நடுவில் அருவியாக உள்ளே இறக்குகிறது.

2008-இல் மரினா அணை கட்டிய பிறகு, இந்த விரிகுடாவே ஊருக்குக் குடிநீர் தரும் நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. நடையின் நடுவில் மழை பிடித்துக்கொண்டால் திரும்பிப் போய்விடாதீர்கள். குடையை விரித்து நேரே தாமரைக்குப் போங்கள். கூரைத் துளை வழியாக அருவி இறங்குவதை மழை நாளில்தான் முழுசாகப் பார்க்க முடியும். பார்த்து முடித்ததும் பேஃபிரண்ட் எம்ஆர்டி பக்கத்திலேயே இருக்கிறது.