ஸ்லோமோஷனில் சர்வைப் பார்ப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

முன்னணி டென்னிஸ் வீரரின் சர்வை, அதாவது பந்தை மேலே போட்டு அடித்து ஆட்டத்தைத் தொடங்குவதை, பிரேம் பிரேமாக (வீடியோவின் ஒவ்வொரு படமாக) நகர்த்திப் பார்ப்பது, அடுத்த வாரம் தோளைத் தடவிக்கொண்டு நிற்பது. புதிதாக வருகிறவர்களில் பலருடைய கதை இதுதான். இந்தத் துறையில் பழையவர்கள் எல்லோரும் விழுந்து எழுந்த குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். போனை ஆடாமல் பிடிப்பது, வெயிலுக்கு எதிரே நின்று எடுக்காமல் இருப்பது போன்றவை யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, பார்க்கிற கண்ணையே ஏமாற்றுகிற தவறுகளுக்கு வருவோம்.

வேகம் தெரியாத கிளிப்பில் நேரம் கணக்கிடுவது

டிவி மறுஒளிபரப்பில் வேகம் ஒரே சீராக இருக்காது. டாஸை, அதாவது அடிப்பதற்காகப் பந்தை மேலே எறிவதை, வேகமாக ஓட்டி, பந்தில் ராக்கெட் படும் இடத்தில் இழுத்துக் காட்டுவார்கள். இணையத்தில் கிடைக்கும் கிளிப்புகளில் பல, இல்லாத பிரேம்களை மென்பொருள் கற்பனை செய்து நிரப்பியவை. ராக்கெட் விளிம்பு நீர்போல நெளிந்தால் அது அப்படிப்பட்ட கிளிப்தான் என்று சந்தேகப்படலாம். அதை வைத்து "ட்ரோஃபி நிலையில் (எறிந்த கை மேலே நீண்டு, ராக்கெட் கை மடிந்து உயர்ந்த நிலை) அரை நொடி நிற்கிறார்" என்று எழுதினால் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கிளிப்பின் உண்மையான வேகத்தை டாஸ் பந்தே சொல்லிவிடும். உச்சியைத் தொட்ட பந்து 4 பந்து அகலம், அதாவது ஏறக்குறைய 27 செ.மீ., கீழே வர 0.23 நொடி ஆகும். புவியீர்ப்பு எல்லா வீரருக்கும் ஒன்றுதானே. அந்தத் தூரத்துக்கு எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். 56க்குப் பக்கத்தில் வந்தால் நொடிக்கு 240 பிரேம். 28 என்றால் 120, 14 என்றால் 60, வெறும் 7 என்றால் 30. உச்சியில் பந்து கிட்டத்தட்ட நின்றுவிடுவதால், அந்தப் பிரேமைப் பிடிப்பதில் 240 பிரேம் கிளிப்பில் ஐந்தாறு முன்பின் ஆகலாம், பரவாயில்லை. எந்த வகைக் கிளிப் என்று தெரிந்தால் போதும். எந்த எண்ணோடும் ஒட்டாமல் போனால், அந்தக் கிளிப்பில் உடல் நிலைகளை மட்டும் பாருங்கள், நேரத்தைத் தொடாதீர்கள்.

இழுபட்ட ராக்கெட்டில் கோணம் அளப்பது

பிரேம் எண்ணிக்கை வேறு, ஷட்டர் வேகம் (ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா ஒளி வாங்கும் நேரம்) வேறு. பந்தைத் தொடும்போது ராக்கெட் தலை நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/240 நொடி திறந்திருந்தால் அதற்குள் ராக்கெட் 17 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தில் தெரிவது ராக்கெட் அல்ல, விசிறி. 1/2000 வைத்தால் அந்த இழுவல் 2 செ.மீ.க்குச் சுருங்கும். உங்கள் சர்வை நீங்களே எடுக்கும்போது ஷட்டரை அமைத்துக்கொள்ளலாம். மற்றவர் எடுத்த கிளிப்பில் விசிறிதான் தெரிகிறது என்றால், அந்தப் பிரேமில் கோடு போட்டு டிகிரி எழுதாதீர்கள்.

பின்னாலிருந்து எடுத்த படத்தில் டாஸின் தூரத்தைத் தேடுவது

டிவி கேமரா ஆடுகளத்தின் பின்னால், உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறது. பந்து ஆடுகளத்துக்குள் முன்னே போனால், அந்தப் படத்தில் அது மேலே போனதுபோலத்தான் தெரியும். "டாஸ் ரொம்ப உயரம்" என்று குறித்துக்கொள்கிறோம். உண்மையில் பந்து உயரவில்லை, முன்னால் போயிருக்கிறது. பின்கேமரா நல்லது இரண்டு விஷயங்களுக்கு: டாஸின் இட வல நகர்வு, உடல் பக்கவாட்டில் எவ்வளவு சாய்கிறது என்பது. முன்னே எவ்வளவு, முழங்கால் எவ்வளவு மடிகிறது என்பதற்குப் பேஸ்லைன் (ஆடுகளத்தின் பின்கோடு) நீட்சியில் நின்று பக்கத்திலிருந்து எடுத்த படம்தான் வேண்டும். அதிலும் கேமராவுக்குக் குறுக்காக இருக்கும் மூட்டின் கோணத்தை மட்டும் நம்பலாம். கேமராவை நோக்கித் திரும்பிய முழங்கால் எத்தனை மடங்கினாலும் நேராகத்தான் தெரியும்.

ராக்கெட் விழுவதை ஒரு நிலை என்று நினைப்பது

மற்றத் தவறுகளால் நேரம்தான் வீணாகும். இது தோளையும் முழங்கையையும் கேட்கிறது. எத்தனை முறை சொன்னாலும் திரும்ப வருகிற தவறும் இதுதான்.

காட்சி எப்போதும் ஒன்றே. ட்ரோஃபி நிலைக்குப் பிறகு, ராக்கெட்டின் நுனி தரையைப் பார்த்தபடி முதுகுக்குப் பின்னால் தொங்கும் பிரேமில் வீடியோவை நிறுத்துகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள். கண்ணாடி முன் நின்று ராக்கெட்டை அதே இடத்தில் கொண்டுபோய் வைத்து, முழங்கையைச் சரிசெய்து, "வந்துவிட்டது" என்று மகிழ்கிறார்கள். "முதுகைச் சொறி" என்ற பழைய பயிற்சி வாசகமும் இதே கோளாறைத்தான் சொல்லிக்கொடுத்தது.

அந்தப் பிரேமில் வீரர் ராக்கெட்டை எங்கும் வைக்கவில்லை. நடப்பது இது: மடிந்த முழங்கால்கள் நிமிரத் தொடங்குகின்றன. இடுப்பு முன்னும் மேலுமாகத் திரும்புகிறது, மார்பு அதைத் தொடர்கிறது. தோள் மேல்கையை இழுத்துக்கொண்டு போகிறது. முன்கையும் ராக்கெட்டும் தங்கள் எடையால் பின்தங்குகின்றன. தோள் மேலே போக ராக்கெட் கீழே விழுகிறது, மேல்கை வெளிப்புறமாகச் சுழல்கிறது. முன்னணி வீரர்களில் இந்தச் சுழற்சி, முதுகின் வளைவையும் சேர்த்து, 170 டிகிரியைத் தொடும். அந்தக் கடைக்கோடியில் இழுபட்டு நீண்டிருக்கும் தசைகள் உடனே சுருங்கி, மேல்கையை நொடிக்கு 2000 டிகிரிக்கும் மேலான வேகத்தில் உள்ளே திருப்புகின்றன. ராக்கெட்டின் வேகத்தில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. கடைக்கோடியிலிருந்து பந்தைத் தொடும்வரை 240 பிரேம் கிளிப்பில் சுமார் 20 பிரேம், அவ்வளவுதான்.

இதில் ராக்கெட்டை முன்கூட்டியே கீழே கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? நீள்வதற்கு எதுவும் மிச்சமில்லை. இழுபட்ட தசை காத்திருந்தால் அதன் விசை கரைந்துவிடும். இழுத்த ரப்பர் பட்டையை உடனே விடுவதற்கும், நின்றுகொண்டிருந்து கையால் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. கால்களின் உந்தல் ராக்கெட்டை எட்டுவதில்லை, கை தனியாக அடிக்கிறது. பந்து மெதுவாகப் போகிறது. வேகம் போதவில்லை என்று ஆட்டக்காரர் இன்னும் பலமாக அடிக்கிறார். தோளின் முன்பக்கமும் முழங்கையின் உட்பக்கமும் வலிப்பது இங்கிருந்துதான் தொடங்கும்.

அமெரிக்க வீரர் ஆண்டி ராடிக்கின் கிளிப்பைப் பாருங்கள். பெரிய பேக்ஸ்விங் (ராக்கெட்டைப் பின்னால் சுழற்றி எடுப்பது) எதுவும் கிடையாது, ராக்கெட் நேராக மேலே ஏறிவிடும். ஆனாலும் அது ஆழமாக விழுகிறது. நாடுகளுக்கு இடையிலான 2004 டேவிஸ் கோப்பைப் போட்டியில் 249 கி.மீ. வேகத்தில் சர்வ் போட்டவர் அவர். ராக்கெட்டைக் கீழே எடுத்துச் செல்வதால்தான் ஆழம் கிடைக்கிறது என்றால் அவருடைய சர்வுக்கு விளக்கமே இல்லை.

உங்கள் வீடியோவில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பந்து ராக்கெட்டைத் தொடும் பிரேமுக்கு 0 என்று பெயர் வையுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி மூன்று பிரேம்களைக் குறியுங்கள்: முழங்கால் அதிகம் மடிந்தது, பாதங்கள் தரையை விட்டது, ராக்கெட் நுனி மிகக் கீழே இருந்தது. முன்னணி வீரரிடம் முழங்கால் மடிப்பு முதலில் வரும். நுனி அடிமட்டத்தைத் தொடும்போது கால்கள் பெரும்பாலும் நிமிர்ந்து, பாதம் தரையை விட்டிருக்கும் அல்லது விடும் தறுவாயில் இருக்கும். தவறான சர்வில் முழங்கால் இன்னும் மடிந்திருக்கும்போதே ராக்கெட் கீழே போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்து, நுனி அடிமட்டத்தில் எத்தனை பிரேம் அசையாமல் இருக்கிறது என்று எண்ணுங்கள். வீரரிடம் அது திரும்பும், நிற்காது. இருபது முப்பது பிரேம் அங்கேயே குடியிருந்தால் நோய் அதுதான். ராக்கெட் முதுகின் நடுவில் ஒட்டிக்கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். வலக்கை வீரருக்கு அது வலப்பக்கமாக, உடலிலிருந்து விலகித் தொங்க வேண்டும்.

திருத்துவதற்கு ராக்கெட்டைத் தொடவே வேண்டாம். கிரிப்பைத் தளர்த்தி, ட்ரோஃபி நிலையில் ராக்கெட் நுனி மேலே பார்க்கும்படி விட்டு, காலை முதலில் உந்தச் சொல்லுங்கள். விழுவது தானாக விழும்.

மணிக்கட்டு "ஸ்னாப்"

அடிக்கும் கணத்தில் மணிக்கட்டை வெடுக்கென்று மடக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. பந்து ராக்கெட்டின் நரம்புகளில் இருப்பது 5 மில்லிநொடி அளவுதான், 240 பிரேமில் ஒன்று அல்லது இரண்டு. அதற்குப் பிறகு உள்ளங்கை வெளியே திரும்பியிருப்பதைக் காட்டி "இப்படித் திருப்பு" என்று சொல்வது, போன பேருந்துக்குக் கை காட்டுவது. அந்தத் திருப்பம் மேல்கையின் சுழற்சியும் முன்கையின் சுழற்சியும் தொடர்ந்து ஓடியதன் மிச்சம்.

வளைந்த ராக்கெட்

சில பிரேம்களில் ராக்கெட் வளைந்து தெரிவது, போன் கேமரா படத்தை வரி வரியாகப் படிப்பதால் வருகிற மாயை. ராக்கெட் அப்படி வளையவில்லை.

எந்த சர்வ் என்று பார்க்காமல் சேகரிப்பது

ஒரே வீரரின் முதல் சர்வும், அது தவறினால் போடும் இரண்டாம் சர்வும் வேறு வேறு. வலக்கை வீரர் கிக் சர்வுக்கு (பந்து சுழன்று, தரையில் பட்டு உயர எழும் சர்வ்) டாஸை இடப்பக்கமாக, தலைக்கு மேலே போடுவார். பயிற்சியில் மெதுவாகப் போட்ட சர்வை ஆட்டத்தின் சர்வாக நினைப்பவர்களும் உண்டு. ஆண்டும் முக்கியம். நோவாக் ஜோகோவிச் முழங்கை வலியால் 2018 தொடக்கத்தில் பேக்ஸ்விங்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார். அதற்கு முந்தைய கிளிப்பையும் அந்தக் காலக் கிளிப்பையும் கலந்து "ஜோகோவிச் முறை" என்று ஒன்றை உருவாக்கினால் அது யாருடைய சர்வும் இல்லை.

டாஸ் உயரத்தில் இது இன்னும் மோசம். ஸ்டெஃபி கிராஃப் மிக உயரமாகப் போடுவார், கோரன் இவானிசெவிச் தாழ்வாகப் போட்டு மின்னலாக அடிப்பார். உச்சியிலிருந்து 10 செ.மீ. விழுந்த பந்து நொடிக்கு 1.4 மீட்டரில் வரும், 1 மீட்டர் விழுந்தது 4.4 மீட்டரில். ஒருவரின் டாஸை இன்னொருவரின் கை வேகத்தோடு ஒட்டவைத்தால், பந்து அடிக்கும் உயரத்தைக் கடந்த பிறகோ, அங்கே வருவதற்கு முன்போதான் ராக்கெட் வந்து சேரும்.

தொடக்கத்தை ஒட்டி இரண்டு வீடியோவை ஓடவிடுவது

உங்களுடையதையும் வீரருடையதையும் பக்கத்தில் வைத்தால், இரண்டையும் பந்து தொடும் பிரேமில் சேருங்கள். தொடக்க அசைவில் சேர்க்காதீர்கள். பந்தைத் தட்டுவது, மூச்சு விடுவது, கை ஆட்டுவது எல்லாம் ஆளுக்கொரு நேரம் எடுக்கும். அங்கே சேர்த்தால் கடைசி 20 பிரேம்கள் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. 0-இல் சேர்த்து, பின்னோக்கிப் பத்துப் பத்துப் பிரேமாக நகர்த்துங்கள். இருவரும் முதலில் எங்கே பிரிகிறார்கள் என்று பார்த்து, அந்தப் பிரேமின் எண்ணை எழுதிவையுங்கள்.